ஏழு மணிக் கன்னி

ஜூன் 2, ஞாயிறு

என் மகன் ஆவுடையப்பனின் மூத்த பிள்ளை சங்கரவேல் மதுரையில் வங்கி அதிகாரி. அவன் கையெழுத்துப் போட்டால்தான் லோன் கிடைக்கும். போன மாசம் யாரோ பெரிய இடத்து மச்சானையே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டானாம். மகள் வயிற்றுப் பேத்தி சொர்ணலதா மாட்டு டாக்டர், தங்கப் பதக்கம் வாங்கியவள். சங்கரன்கோவில் பக்கம் எந்தப் பசு கன்று போட முடியாமல் தவித்தாலும் கார் அனுப்பி அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். அவள் தம்பி நெல்லையப்பன் பெங்களூரில் ஜப்பான்காரனோடு ஜப்பான் பாஷையிலேயே சண்டை போடுகிறான். சம்பளம் எவ்வளவு என்று நான் கேட்டதில்லை. அவன் அம்மாவே தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். சங்கரவேலின் மகனுக்கு நாலு வயசு. பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டியில் முதல் பரிசு. எலுமிச்சம்பழமாக வேஷம் போட்டானாம். புளியங்குடியில் எங்கள் குடும்பம் எலுமிச்சை மண்டிக் குடும்பம் என்பதை அவனாவது மறக்கவில்லை.

அப்புறம் ஆவுடையின் இளையவள் பூரணி. சென்னையில் இருக்கிறாள்.

இந்த டைரி சங்கரவேல் வங்கியிலிருந்து கொண்டுவந்தது. நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள், கோணாமல் எழுதுவேன். எழுத என்ன இருக்கிறது என்றுதான் இத்தனை நாள் சும்மா போட்டிருந்தேன். நாளையிலிருந்து டிவியில் புது நாடகம் ஒன்று வருகிறதாம். பேர் 'சாபக் கன்னி'. பேய் நாடகம். பேயாக நடிக்கிறது பூரணி. மருமகள் செண்பகவல்லி அடுப்படியில் என் காதோடு சொன்னாள். ஆவுடைக்குத் தெரியக் கூடாதாம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் ஆடிட்டர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நடிக்கப் போகிறேன் என்றாள். "வேஷம் கட்டுத பிள்ளை என் வாசல்ல ஏறக் கூடாது" என்றான் ஆவுடை. அவளும் ஏறவில்லை. அவன் அவள் பேரைச் சொல்வதும் இல்லை. அவன் செய்தது சரிதான். நானும் அவன் பக்கம்தான்.

நாடகம் பார்க்கிற ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது. ஏழு மணி நான் விளக்குத் திரி திரிக்கிற நேரம். டிவி இருக்கிற அறையில்தான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது.

ஜூன் 3, திங்கள்

திரித்தேன்.

நாடகமா அது! ஒரு மாளிகை. வீட்டுப் பெண்கள் பட்டுச்சேலை கட்டி, ஒட்டியாணத்தோடு தூங்குகிறார்கள். குறுக்கெலும்பு என்னத்துக்கு ஆகும்? வானத்தில் மேகம் இல்லை, ஆனால் இடி விழுகிறது. இடி விழுந்ததும் மாமியாரின் முகத்தைக் காட்டுகிறார்கள். பிறகு மாமனார் முகம், பிறகு நாத்தனார் முகம், பிறகு சமையல்காரி முகம். ஒவ்வொரு முகத்தையும் இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம், மேலேயிருந்து ஒருதரம். அதற்குள் நான் ஒரு கட்டுத் திரி முடித்துவிட்டேன்.

எழுத்துப் போடும்போது 'அறிமுகம்: மிஷா' என்று வந்தது.

"அது யாருட்டி மிஷா?" என்று கேட்டேன்.

"நம்ம பூரணிதான் அத்தே. பேரை மாத்திட்டாவ."

"ஏன், பூரணின்னு வச்சா பேய் வராதாமா?"

அவள் கடைசி நிமிஷத்தில்தான் வந்தாள். கிணற்றுக்குள்ளிருந்து நின்ற வாக்கிலேயே மேலே ஏறி வந்தாள். வெள்ளைச் சேலையில் ஒரு சொட்டு ஈரமில்லை. கண்ணில் பச்சை வெளிச்சம். தலைமுடி மட்டும் காற்றில் பறக்கிறது, பக்கத்தில் நிற்கிற வாழைமரத்து இலை ஆடவில்லை. இதையெல்லாம் யாரும் அங்கே பார்க்க மாட்டார்களா?

கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. கதாநாயகி என்று கூட்டிப்போய் வைத்துக்கொண்டு பிள்ளைக்குச் சோறு போடுகிறார்களா என்று தெரியவில்லை.

செண்பகவல்லி மூக்கைச் சிந்தினாள். நாடகத்தில் அழுகிற கட்டமே இன்னும் வரவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

இன்றைக்கும் திரித்தேன். இந்த வருஷத்துக்கு இனி திரி வேண்டாம்.

ஜூன் 6, வியாழன்

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. கன்னி என்றால் என்ன என்று தெரியாதவனெல்லாம் கன்னியை வைத்து நாடகம் எடுத்தால் இப்படித்தான்.

கதை இதுதான். அந்த மாளிகைக்காரர்கள் ஒரு பெண்ணைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே கிணற்றில் தள்ளிக் கொன்றுவிட்டார்களாம். அவள் கன்னியாகத் திரும்பி வந்து ஒவ்வொருத்தராகப் பழி வாங்குகிறாளாம். இன்றைக்கு அவளுக்குக் கோரைப்பல் முளைத்தது. சமையல்காரியின் கழுத்தைக் கடித்தாள். சமையல்காரி என்ன பாவம் செய்தாள்?

எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் கன்னி உண்டு. வயசுக்கு வருகிற காலத்தில், கல்யாணமாகாமல் போய்ச் சேர்ந்த பெண் பிள்ளை அந்த வீட்டுக்குக் கன்னி. வீட்டு மூலையில் ஓலைப்பெட்டி தொங்கும். வருஷம் ஒரு தடவை புதுப் பாவாடை சட்டை, வளையல், ரிப்பன், மை, பவுடர் எல்லாம் வாங்கி அதில் வைத்து, இலை போட்டுச் சர்க்கரைப் பொங்கலும் கொழுக்கட்டையும் படைப்போம். அவ்வளவுதான் அவள் கேட்கிறது. வருஷத்துக்கு ஒரு பாவாடை.

எங்கள் வீட்டுக் கன்னி பூரணம். என் தலைப்பிள்ளை. காய்ச்சல். பன்னிரண்டு வயசு.

பன்னிரண்டு வயசுப் பிள்ளை யாரைப் போய்ப் பழி வாங்கும்? கோரைப்பல்லாம்!

அவள் பேரைத்தான் பேத்திக்கு வைத்தது. அந்தப் பேரைத்தான் மிஷா என்று மாற்றியிருக்கிறார்கள். நல்லதாகப் போயிற்று. இந்தக் கூத்தில் அந்தப் பேர் இல்லாமல் இருப்பதே மேல்.

ஜூன் 10, திங்கள்

மந்திரவாதி வந்துவிட்டான். கன்னியை மாளிகைக்குள் விடாமல் கட்டுவதற்காகக் கூட்டிவந்திருக்கிறார்கள். தாடி ஒரு பக்கம் பிரிந்து தொங்குகிறது. கையில் எலுமிச்சம்பழத்தை உயர்த்திப் பிடித்து அரைமணி நேரம் கத்தினான்.

அது எலுமிச்சம்பழமே இல்லை. சாத்துக்குடி. அதற்கு மஞ்சள் சாயம் பூசியிருக்கிறார்கள். சாத்துக்குடிக்கு எந்தப் பேய் பயப்படும்? ஜூஸ் போட்டுக் குடித்துவிட்டுப் போகும்.

ஜூன் 12, புதன்

தெருவுக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் எதிர்வீட்டு ருக்மணி எல்லார் முன்னாலேயும் கேட்டாள்.

"ஆச்சி, உங்க பேத்தி நேத்து ரத்தம் குடிச்சாள்லா! பார்த்தேளா?"

"ரோஸ்மில்க்தான குடிச்சா. உன் மருமவ மாதிரி நிஜ ரத்தமா குடிச்சா?"

ருக்மணி குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். குடம் பாதிதான் நிறைந்திருந்தது.

அந்த நாடகம் மட்டம் என்று நான் சொல்லலாம். இவள் யார் சொல்ல?

ஜூன் 14, வெள்ளி

ஆவுடைக்கு இருமல். சுக்கு தட்டிப்போட்டுக் கொடுத்தேன். முன்பெல்லாம் ஆறரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவான், இப்போது எட்டாகிறது. மண்டியில் சாயங்காலம் என்ன வேலை என்றேன். லோடு பார்க்க வேண்டியிருக்கிறது என்றான். ஏலம் காலையிலேயே முடிந்துவிடும், லோடு மத்தியானமே ஏறிவிடும். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஜூன் 17, திங்கள்

ஊறுகாய்க்கு எலுமிச்சை நறுக்கினோம். விரலில் வெட்டு, உப்புப் பட்டு எரிந்தது.

இன்றைக்கு ஒரு காட்சி. மந்திரவாதி வாசலில் சாத்துக்குடியை வெட்டிப் போட்டுவிட்டான். அதைத் தாண்டிக் கன்னியால் உள்ளே வர முடியவில்லை. அந்த வீட்டில்தான் அவளைப் பெற்றவளும் வேலைக்காரியாக இருக்கிறாளாம். பூரணி வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, "அம்மா, கதவைத் திற. அம்மா, நான்தான்" என்றாள். பச்சைக் கண் இல்லை, பல் இல்லை. இடி, முழக்கம்கூட வைக்க மறந்துவிட்டார்கள்.

கண்ணால் ஒரு லாரியை எரித்தவளுக்கு ஒரு கதவைத் திறக்கத் தெரியவில்லையா? அப்படி என்ன சக்தி அது? கதை எழுதினவனைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்க வேண்டும்.

செண்பகவல்லி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் எழுந்துபோய் வாசல் விளக்கைப் போட்டேன். இருட்டிவிட்டிருந்தது. அதனால்தான்.

ஜூன் 21, வெள்ளி

இன்றைக்கு எழுத்துக் கோணும்.

இன்றைக்குக் கன்னியின் பழைய கதையைக் காட்டினார்கள். அவளைப் பெற்றவள் தன் குடிசைச் சுவரில் ஒரு படத்தைப் பார்த்து அழுகிறாள். படத்துக்குச் சந்தனப் பொட்டு, ரோஜா மாலை, முன்னால் விளக்கு. அந்தப் படத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து காட்டினார்கள்.

பூரணி பன்னிரண்டாவது முடித்தபோது இங்கே பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஸ்டுடியோவில் எடுத்த படம். பச்சைத் தாவணி. அதே படம் என் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறது.

உயிரோடு இருக்கிற பிள்ளை படத்துக்கு மாலை போடுவார்களா? அதுவும் கல்யாணமாகாத பிள்ளை. வேறு படம் கிடைக்கவில்லையா, அவர்கள் வீட்டுப் பிள்ளை படம் இல்லையா? தமிழ்நாட்டில்தானே பிறந்தான்கள்? தாய் தகப்பன் கிடையாதா?

"அத்தே, அது நாடகம்" என்று செண்பகவல்லி சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. பிறகு போன் போட்டுப் பேசினாள். பிள்ளை நன்றாக இருக்கிறாளாம், சாயங்காலம் பரோட்டா சாப்பிட்டாளாம். டைரக்டர் பழைய படம் ஒன்று கேட்டாராம், கொடுத்தாளாம். மாலை போடப்போகிறார்கள் என்று சொல்லவில்லையாம்.

டிவியை அணைத்துவிட்டு விபூதி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆவுடை எட்டு மணிக்கு வந்தான். சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டான். வயிறு சரியில்லையாம்.

ஜூன் 22, சனி

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாராவது மாற்றிச் சொல்வார்கள்.

காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தோம். ஆவுடை ஏலத்துக்குப் போய்விட்டான். தெருமுனையில் ஒப்பாரிச் சத்தம். யார் வீட்டிலோ என்றுதான் எட்டிப்பார்த்தேன். என் புருஷனின் அக்கா, வாசுதேவநல்லூர் நாச்சியார் மதினி, தலையை விரித்துப்போட்டு மாரில் அடித்துக்கொண்டு வருகிறாள். பின்னால் துணைக்கு ரெண்டு பெண்கள். நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறாள், என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு.

"எளா உலகு! என் தம்பி இருந்தா இப்படி விடுவானா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லி விடலியேளா! சுவத்துல ஒட்டுன போஸ்டரைப் பார்த்துல்லா நான் தெரிஞ்சிக்கிட வேண்டியிருக்கு!"

"என்ன மதினி? யாரு போயிட்டா?"

"யாரு போயிட்டான்னு என்கிட்டயே கேக்கா பாரு! பூரணிடீ! என் தங்கக்குட்டி பூரணிடீ! கல்யாண மாலை வாங்குத கழுத்துக்கு எந்த மாலையைப் போட்டுருக்கான் பாத்தியா!"

என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. நேற்று அவள் பரோட்டா சாப்பிட்டது எனக்குத் தெரியும். தெரிந்தும் விழுந்தது.

செண்பகவல்லி ஓடிவந்தாள். "பெரியத்தே, அது நாடகம்! டிவி நாடகம்! பிள்ளை நல்லா இருக்கா!"

மதினி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூட வந்த பெண்களிடம் சொன்னாள். "பாத்தியளா, பெத்தவளுக்குப் புத்தி பிசகிட்டு. நாடகம்னு சொல்லுதா."

பிறகுதான் விஷயம் விளங்கியது. டிவிக்காரர்கள் ராவோடு ராவாக ஊர் ஊருக்குப் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். சாவுக்கு ஒட்டுகிற மாதிரியே கறுப்புக் கரை போட்டு, மேலே 'கண்ணீர் அஞ்சலி', நடுவில் மாலை போட்ட பூரணி படம். அடியில் பொடி எழுத்தில், திங்கள் இரவு ஏழு மணிக்குக் காணத் தவறாதீர்கள் என்று இருக்கிறது. மதினிக்கு எழுத்துத் தெரியாது. முகம் தெரியும், மாலை தெரியும். பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறாள், அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பஸ் ஏறுவதற்கு முன்னால் கடைக்குப் போயிருக்கிறாள். கையில் துணிக்கடைப் பை. பிரித்தாள். பாவாடை, சட்டை, ஒரு ஜோடி வளையல், சிவப்பு ரிப்பன்.

"பெட்டியில வைக்கணும்லா. இந்த வீட்டுக்கு ரெண்டாவது கன்னி" என்றாள்.

செண்பகவல்லி போட்ட சத்தத்தில் அடுத்த தெருவே வந்துவிட்டது. ருக்மணி முதல் ஆளாக வந்தாள்.

மண்டிக்கு யாரோ ஓடிச் சொல்லிவிட்டார்கள். ஆவுடை முதலில், "அத்தைக்கு வேற சோலி இல்ல" என்று சொல்லிவிட்டு ஏலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். பிறகு என்ன தோன்றியதோ, வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறான். வருகிற வழியில் பால் பூத்துச் சுவரில் அந்தப் போஸ்டர். என் மகன் காலேஜ் வரைக்கும் படித்தவன். நின்று ஒரு வரி வாசித்திருந்தால் போதும். வாசிக்கவில்லை. அங்கிருந்து ஓடிவந்திருக்கிறான். வீட்டுக்குள் வரும்போது காலில் செருப்பு இல்லை.

"யம்மா, எப்பம்?" என்று கேட்டான். அது ஒன்றுதான் கேட்டான்.

"அட கூறுகெட்டவனே, நாடகம்ல அது! பிள்ளை குத்துக்கல்லு மாதிரி இருக்கா" என்றேன்.

அவன் காதில் விழவில்லை. போனை எடுத்தான். பேரைத் தேடவில்லை, யாரிடமும் நம்பர் கேட்கவில்லை. விரல் தானாக அழுத்தியது. மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. திரும்ப அழுத்தினான். எடுக்கவில்லை. செண்பகவல்லி தன் போனிலிருந்து போட்டாள். எடுக்கவில்லை. அதுவரை நாடகம், நாடகம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"நேத்து ராத்திரி பேசினாளே அத்தே" என்றாள் என்னிடம், ரொம்ப மெதுவாக.

மதினிகூட அழுகையை நிறுத்திவிட்டு ஆவுடையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் இட்லிச் சட்டி தீய்ந்த வாடை வந்தது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. நானும்தான்.

அப்போது அவன் கையிலேயே மணி அடித்தது.

அவள் கத்தினது எனக்கே கேட்டது. "அப்பா! அப்பா, என்னாச்சு? ஆச்சிக்கு ஏதும் ஆயிட்டாப்பா?"

ரெண்டு வருஷம் கழித்துத் தகப்பன் போன் செய்தால் நான் செத்ததாகத்தான் அர்த்தமா? நல்ல பேத்தி!

ஆவுடை போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "ஆச்சிக்கு என்ன, நல்லா கல்லு மாதிரி இருக்கா. நீ எங்க நிக்க?" என்றான்.

"கிணத்துக்குள்ளப்பா. செட்டுக் கிணறு. போனை மேல வச்சிருந்தேன், இப்பம்தான் எடுத்துக் குடுத்தாங்க. ஷாட்டு நடுவுல இருக்கேன்ப்பா, எல்லாரும் நிக்காங்க..."

"தண்ணி எம்புட்டு கிடக்கு?"

"இடுப்பு வரைக்கும்."

"மேல ஏறு."

"இன்னும் ஒரே ஒரு ஷாட்டுதான்ப்பா, முடிச்சிட்டு..."

"ஏறுட்டி மொதல்ல! எவன் என்ன சொல்லுதான்னு பாக்கேன். ஏறித் தலையைத் துவட்டு."

போனை என் கையில் திணித்துவிட்டு அவன் பின்வாசல் பக்கம் போய்விட்டான். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகம் கழுவினான்.

நான் அவளிடம் இதைத்தான் சொன்னேன். "உன் நாடகம் மட்டம். அந்தச் சாத்துக்குடியை மாத்தச் சொல்லு." அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை, சத்தம் ரெண்டுக்கும் நடுவில் இருந்தது.

மத்தியானம் ஆவுடை ஒரு வாளித் தண்ணீரும் கொத்துக் கரண்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். மண்டியில் மூட்டை தூக்குகிற ஆட்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு ஊர்ச் சுவரையெல்லாம் சுரண்டினான். பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரன், "அண்ணாச்சி, அது விளம்பரம்லா, டிவிக்காரன் கேஸு போடுவான்" என்றானாம்.

"என் மவ படம்லே அது. மாலையோட சுவத்துல நிக்கணுமோ?" என்றானாம் ஆவுடை, அவ்வளவு கூட்டத்திலும்.

இதை வந்து சொன்னது ருக்மணி. சும்மா சொல்லக் கூடாது, அவள் வீட்டுச் சுவரை அவளே சுரண்டிவிட்டாள்.

ஜூன் 23, ஞாயிறு

மதினி இன்னும் போகவில்லை. வெட்கம். "எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு, நல்லா விசாரிச்சிட்டுல்லா வந்திருக்கணும்" என்று காலையிலிருந்து புலம்பிக்கொண்டு நாலு தோசை சாப்பிட்டாள்.

"நீங்க அழுததுதான் மதினி நல்லது" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. காக்கா ஒருத்தர் தலையில் தட்டினால், தோஷம் கழிய அவர் செத்துப் போனார் என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பி அழ வைக்கிறதில்லையா? ரத்தச் சொந்தம் ஒருத்தி தலையை விரித்து அழுதாயிற்று. பிள்ளைக்கு வந்தது அதோடு போயிற்று. டிவிக்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது, பரிகாரத்தை நாம்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

கொண்டுவந்த பாவாடையைத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது. பெட்டியை இறக்கிப் பூரணத்துக்கே வைத்துவிட்டேன். இந்த வருஷம் அவளுக்கு ரெண்டு.

அப்புறம் சுவரில் இருந்த படத்தைக் கழற்றச் சொன்னேன். செண்பகவல்லிக்கு மனசில்லை.

"இந்தப் படத்துக்கு யாரும் மாலை போடலியே அத்தே."

"படம் ஒண்ணுதான. மாலை விழுந்த முகத்தை வீட்டுல வைக்க முடியாது."

ஆவுடை கழற்றினான். கண்ணாடியை எடுத்துவிட்டுப் படத்தை மட்டும் மடைக்குக் கொண்டுபோய் ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட்டு வந்தான். நானும் கூடப் போனேன். தாவணி கொஞ்ச தூரம் பச்சையாகத் தெரிந்தது.

பூரணத்துக்குப் படமே கிடையாது. அந்தக் காலத்தில் பிள்ளைகளைப் படம் எடுக்கிற வழக்கமில்லை. பெட்டியைத்தான் கும்பிடுகிறோம். அவள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் நெற்றியும் மூக்கும் வருகிறது. மற்றதெல்லாம் பூரணி முகமாக வந்துவிடுகிறது. கொஞ்ச வருஷமாகவே அப்படித்தான்.

ஜூன் 24, திங்கள்

ஏழு மணிக்கு ஆவுடை வீட்டில் இருந்தான். தற்செயலாக டிவி அறைக்கு வந்தான். தற்செயலாக நாற்காலியைத் திருப்பிப் போட்டான்.

மந்திரவாதி வந்ததும், "போன வாரம் வரைக்கும் தாடி வலது பக்கம்லா பிரிஞ்சிருந்துச்சு" என்றான்.

செண்பகவல்லி என்னைப் பார்த்தாள். நான் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். லோடு பார்க்கிறவனுக்கு மந்திரவாதி தாடி எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. மண்டியில் படம் தெரிகிற பெரிய போன் ஒன்று இருக்கிறது.

ஜூன் 27, வியாழன்

சென்னைக்குப் போகிற லோடில் ஒரு சிப்பம் எலுமிச்சை தனியாக ஏற்றியிருக்கிறான். முதல் ரகம், காம்போடு பறித்தது. யாருக்கு என்று கேட்டதற்கு, "அந்த மந்திரவாதிப் பயலுக்கு. வெட்டுதது வெட்டுதான், நல்ல பழத்தையாவது வெட்டட்டும்" என்றான்.

நாடகம் இந்த வாரமும் படு மட்டம்.

ஜூலை 1, திங்கள்

கடுதாசி எழுதி வருஷக்கணக்காகிறது. முதலில் இதில் எழுதிப் பார்த்துவிட்டு, பிறகு தாளில் எழுதப் போகிறேன்.

பூரணிக்கு ஆச்சி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உன் அண்ணனுக்குப் பதவி உயர்வு வரப்போகிறது. சொர்ணலதா ஒரு எருமைக்கு ஆபரேஷன் செய்து பேப்பரில் படம் வந்திருக்கிறது. நெல்லையப்பனை ஜப்பானுக்கே கூப்பிட்டிருக்கிறார்கள். உன்னைப் பற்றி யாராவது கேட்டால், நாடகத்தில் முதல் ஆளாக நடிக்கிறாள், சொந்தக் குரலில் பேசுகிறாள் என்று சொல்கிறேன். அதுவும் இனி வரிசையில் சேர்த்தி. ஆனால் நாடகம் மட்டம் என்பதில் மாற்றமில்லை. நீ வாசலில் நின்று கூப்பிட்ட அந்த ஒரு இடம் பரவாயில்லை. அதிலும் உன் சேலை முந்தியைச் சரியாகச் செருகவில்லை.

ஆடி முதல் வெள்ளி கன்னிக்குப் படைக்கிறோம். உங்கப்பன் உன்னை வரச் சொல்லவில்லை. அவன் வாயால் சொல்லவும் மாட்டான். எத்தனை இலை அறுக்க என்று செண்பகவல்லி கேட்டதற்கு, எப்போதும் அறுக்கிறதைவிட ஒன்று கூடச் சொன்னான். யாருக்கு என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. லீவு தர மாட்டேன் என்று எவனாவது சொன்னால் எனக்குப் போன் போட்டுக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.

என் அறையில் ஆணி அப்படியே இருக்கிறது. அந்த இடம் மட்டும் சுவர் வெளிறிக் கிடக்கிறது. நீ படி ஏறி வரும்போது அது அப்படி இருக்கக் கூடாது. அதனால் அதற்கு முந்தியே புதுசாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் அனுப்பாதே, அதை மாட்ட முடியாது. மை, பச்சைக் கண், பவுடர் எதுவும் வேண்டாம். தலையைப் பின்னிக்கொள். பொட்டை மட்டும் நீயே உன் கையால் நெற்றியில் வைத்துக்கொண்டு எடுத்து அனுப்பு.